பட்டியலில் இல்லாத ஊஞ்சல்

என் வேலை சில ஆண்டுகள் 2,500 டாலர் என்ற ஒரு தொகையைச் சுற்றியே ஓடியது. அமெரிக்க அரசு அலுவலகம் ஒன்று, கூலிச் சட்டத்துக்குள் வரும் ஒரு சேவையை நாலு பேரிடம் விலை கேட்காமல், கையிலிருக்கும் அரசுக் கார்டைத் தேய்த்து வாங்கிக்கொள்ள வேண்டுமானால், அதன் விலை 2,500 டாலருக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் ஒப்பந்த அதிகாரியிடம் போக வேண்டும், படிவங்கள் வரும், வாரக்கணக்கில் இழுக்கும். பெரிய வேலையைத் துண்டு துண்டாக நறுக்கி வரம்புக்குள் அடக்கவும் விதி இடம் தராது. நாங்கள் விற்ற சேவை, படைத்தளங்களுக்குள் இருக்கும் குழந்தைகளின் விளையாட்டுத் திடல்களைச் சோதித்து, எங்கே என்ன ஆபத்து என்று எழுதிக் கொடுப்பது.

டெக்சாஸில் இருந்தது எங்கள் நிறுவனம். நிறுவனம் என்றால் முதலாளி, இரண்டு இன்ஸ்பெக்டர்கள், நான். முதலாளி ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் திருநெல்வேலியில் சிவில் இன்ஜினீயரிங் படித்து, கல்யாணமாகி அமெரிக்கா வந்து, கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டவள். கொட்டேஷன் தயாரிப்பதும் அரசின் இணையதளத்தில் டெண்டர் தேடுவதும்தான் முதலில் என் பொறுப்பு. பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்த அப்பாவுக்குப் போனில் இதை விளக்குவது பெரிய பாடாக இருந்தது.

“பட்டாளத்துல உனக்கு என்னம்மா ஜோலி?”

“ஊஞ்சல் ஒழுங்கா இருக்கான்னு பாத்துச் சொல்ற ஜோலிப்பா.”

“அதுக்குமா ஆள் வச்சிருக்கான்?”

“ஆள் வைக்கலப்பா. கான்ட்ராக்ட் விட்டிருக்கான்.”

கான்ட்ராக்ட் என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “அப்ப எம்-புக்க ஒழுங்கா எழுதிரு. வேலை எப்படி நடந்துச்சுன்னு எவனும் கேக்க மாட்டான். புக்குல என்ன இருக்குன்னுதான் கேப்பான்” என்றார். எம்-புக் என்றால் நடந்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்.

அமெரிக்காவின் பெரிய படைத்தளம் ஒரு முழு ஊர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தேவாலயம், பந்துருட்டும் அரங்கு, குடும்பங்கள் வாழும் வீதிகள் எல்லாம் வேலிக்குள்ளேயே இருக்கும். கணவனும் மனைவியும் சீருடையில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. விடியும் முன்பே உடற்பயிற்சிக்குப் போய்விடும் அவர்கள், அதற்கு முன் பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டாக வேண்டும். எண்பதுகளில் இந்தக் காப்பகங்கள் சிலவற்றில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகள் வெளியே வந்து நாடே கொந்தளித்தது. அதன் விளைவு 1989இல் வந்த ராணுவக் குழந்தைகள் காப்பகச் சட்டம். ஊழியர் பயிற்சி, சம்பளம், கட்டணம் என்று எல்லாவற்றையும் அந்தச் சட்டம் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு காப்பகத்தையும் ஆண்டுக்கு நான்கு முறை, முன்னறிவிப்பு இல்லாமல் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னது. எனக்குத் தெரிந்து வேலிக்கு வெளியே இருக்கும் எந்தத் தனியார் காப்பகத்திலும் இவ்வளவு கெடுபிடி கிடையாது. ஆகவே, காப்பகத்தின் முற்றத்தில் இருக்கும் சறுக்குமரத்துக்குக் கேட்க ஆள் இருந்தது. அந்த முற்றத்தின் வேலியைத் தாண்டியதும் கதை வேறு.

கொஞ்ச நாளில் முதலாளி என்னையும் பரீட்சைக்கு அனுப்பினார். தேசியப் பொழுதுபோக்கு மற்றும் பூங்காச் சங்கம் நடத்தும் தேர்வு அது. தேறினால் விளையாட்டுத் திடல் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் சான்றிதழ் கிடைக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிக்க வேண்டியவை முக்கியமாக இரண்டு. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1981இல் முதன்முதலாக வெளியிட்டு, பிறகு பலமுறை திருத்திய கையேடு ஒன்று. 1993இல் வந்த ஏஎஸ்டிஎம் எஃப்1487 என்ற தரநிலை மற்றொன்று. அந்தக் கையேடு சட்டம் அல்ல, வெறும் பரிந்துரை. பொதுத் திடல்களில் அடிபட்டு ஆண்டுக்கு 2,00,000க்கும் மேற்பட்டோர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள் என்று அதுவே சொல்கிறது. ஆனால் ஓர் ஒப்பந்தத்தில் “இந்தக் கையேட்டின்படி, இந்தத் தரநிலையின்படி” என்று ஒரு வரி விழுந்துவிட்டால், அந்தப் பரிந்துரை அங்கே கட்டாயமாகிவிடும். ஒரு வரிக்கு இருக்கும் பலத்தை அப்போதுதான் புரிந்துகொண்டேன். வரி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பது பின்னால் தெரிந்தது.

வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். பையில் இரண்டு அச்சுகள் இருக்கும். ஒன்று செவ்வகக் கட்டை, மூன்றரை அங்குலத்துக்கு ஆறேகால் அங்குலம் அளவில். சரியாகச் சொன்னால் 3.5க்கு 6.2. அது சின்னக் குழந்தையின் உடம்பு. இன்னொன்று ஒன்பது அங்குல விட்டமுள்ள வட்டத் தட்டு. அது பெரிய குழந்தையின் தலை. கைப்பிடிக் கம்பிகளின் நடுவிலோ ஏணிப்படிகளின் நடுவிலோ கட்டை நுழைந்து, தட்டு நுழையாவிட்டால் அந்த இடைவெளி பொறி. குழந்தை காலை முதலில் விட்டு, இடுப்பை நுழைத்து, தோளையும் நுழைத்துவிடும். தலை மட்டும் மேலே மாட்டிக்கொள்ளும். கால் தரையில் எட்டாது. மூன்றரைக்குக் கீழே இருந்தால் உடம்பே நுழையாது, ஒன்பதுக்கு மேலே இருந்தால் தலையும் வந்துவிடும். நடுவில் இருக்கும் அளவுதான் ஆளைக் கொல்லும். என்னைக் கூட்டிக்கொண்டு போன மூத்த இன்ஸ்பெக்டர், ஒரு மேடையின் கைப்பிடியில் கட்டையை விட்டுக் காட்டினார். கம்பிகள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசிக் கம்பிக்கும் தூணுக்கும் நடுவில்தான், ஒரு கிளாம்ப் நழுவி, நாலு அங்குலத்துக்குச் சற்று மேலே இடைவெளி விழுந்திருந்தது. கட்டை வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழுந்தது. கண்ணால் பார்த்திருந்தால் அதை யாரும் குற்றம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊஞ்சல் சங்கிலியின் கொக்கிகளுக்கு அச்சு தேவையில்லை, பத்து சென்ட் நாணயம் போதும். கொக்கியின் வாய் 0.04 அங்குலத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. நாணயத்தின் கனம் ஏறக்குறைய அதுதான். உள்ளே போனால் கொக்கி தோற்றது. அந்தச் சின்ன வாயில் சட்டைக் கயிறு மாட்டும். சறுக்குமரத்தின் உச்சியில், பலகையும் மேடையும் சேரும் இடத்தில் இருக்கும் பிளவிலும் அப்படித்தான். குளிர்சட்டையின் தலைமூடிக் கயிறு அங்கே சிக்கிக் கழுத்து இறுகிச் செத்த பிள்ளைகள் உண்டு. அதனால்தான் 1996இல் அந்த ஆணையம் குழந்தைகளின் உடையில் கழுத்துக் கயிறே வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

பிறகு தரை. அடிபடும் குழந்தைகளில் பெரும்பாலோர் விழுந்துதான் அடிபடுகிறார்கள். எனவே திடலில் எல்லாவற்றையும்விட முக்கியமான சாமான் தரைதான். மரச்சில்லு ஒன்பது அங்குலம் ஆழம் இருந்தால் பத்தடி உயரத்திலிருந்து விழும் தலையைக் காக்கும். அதே ஒன்பது அங்குலம் மணல் நாலடிக்குத்தான் தாங்கும். மரச்சில்லு நாளாக ஆகக் கால்வாசியாவது அமுங்கிவிடும் என்பதால் போடும்போதே பன்னிரண்டு அங்குலம் போட வேண்டும். ஊஞ்சலுக்கு அடியில் மட்டும் எப்போதும் ஆழம் இருக்காது. ஒவ்வொரு வீச்சிலும் பிள்ளைகள் காலால் சில்லை வாரி இறைத்துவிடுவார்கள். ஸ்கேலைச் செருகினால் இரண்டு அங்குலத்தில் கட்டாந்தரை இடிக்கும். ரப்பர் தரை போட்ட இடங்களில் அதன் மேல் ஒரு தலை மாதிரி அச்சைப் போட்டு அதிர்ச்சியை அளக்கும் சோதனை உண்டு. தலைக் காயக் குறியெண் 1,000ஐத் தாண்டக் கூடாது, அதிர்ச்சி 200 ஜி-யைத் தாண்டக் கூடாது. கருவிக்கும் அதை இயக்கும் ஆளுக்கும் தனிச் செலவு ஆகும். ஒப்பந்தத்தில் அதைத் தனியாகக் கேட்காவிட்டால் ஒருவரும் செய்ய மாட்டார்கள்.

இப்படித்தான் ஒருமுறை பெரிய வேலை ஒன்று வந்தது. தளத்தின் பெயர் வேண்டாம். அங்கிருந்த பல அலுவலகங்களும் தங்கள் தங்கள் கார்டில் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்த சோதனையை ஒன்றாகச் சேர்த்து, முறையாக விலை கேட்டிருந்தார்கள். வேலை விவரத்தில் “விளையாட்டுத் திடல்களும் ஏறும் அமைப்புகளும்” என்று இருந்தது; திடல்களின் பட்டியல் இணைப்பில் இருந்தது. முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “ஏறும் அமைப்பு என்றால் எது?” என்று கேட்டார். திடலில் பிள்ளைகள் ஏறும் கம்பிக் கூண்டும் கயிற்று வலையும் எங்கள் வேலை. உடற்பயிற்சிக் கூடத்தில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறும் செயற்கைப் பாறைச் சுவர் எங்கள் வேலை அல்ல. அதற்கு நங்கூரப் பிடிகளையும், விழும்போது ஆளைத் தாங்கும் தானியங்கிக் கருவிகளையும் தெரிந்தவர்கள் வர வேண்டும். சிப்பாய்கள் கயிறு பிடித்து இறங்கும் பயிற்சிக் கோபுரமோ முற்றிலும் வேறு உலகம். “நமக்குத் தெரியாததற்கு விலை போடக் கூடாது. கேள்வி அனுப்பு” என்றார். அனுப்பினேன். சில நாளில் திருத்தப் படிவம் வந்தது. பாறைச் சுவர் தனி வரியாகப் பிரிந்திருந்தது, கோபுரம் நீக்கப்பட்டிருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விலை போட்டவர்கள் இருந்திருந்தால், ஊஞ்சல் பார்க்கத் தெரிந்தவர் நாற்பதடிச் சுவருக்கும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

தகுதி இருப்பவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பது அந்த டெண்டரின் முறை. தகுதி என்றால் சான்றிதழ் நகல், இன்ஷூரன்ஸ், பழைய வேலைகளின் சான்று. அதற்கு மேல் திறமைக்கு மார்க் கிடையாது. ஒரு திடலைச் சரியாகப் பார்க்கச் சில மணி நேரமாவது ஆகும். எல்லாத் தூணையும் உலுக்க வேண்டும், எல்லா நட்டையும் தொட வேண்டும். அரை மணியில் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவரும் அதே சான்றிதழ்தான் வைத்திருக்கிறார். எங்களுக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம், முதலாளி தன் லாபத்தைக் குறைத்துக்கொண்டதுதான். அவருடைய பிள்ளைகள் வளர்ந்ததும் இப்படி ஒரு தளத்தில்தான்.

அந்தத் தளத்தில் போய் இறங்கியபோதுதான் ஓர் ஊருக்குள் இத்தனை எஜமானர்கள் இருப்பது தெரிந்தது. காப்பகத்தின் முற்றம் குழந்தைகள் சேவைப் பிரிவினுடையது. ஏரிக்கரைப் பூங்காவின் திடல் பொழுதுபோக்குப் பிரிவினுடையது. அதற்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு அரசு ஒதுக்கீடு, மறு பங்கு பந்துருட்டும் அரங்கு, கோல்ஃப் மைதானம் போன்றவற்றின் வருமானம். இரண்டும் வெவ்வேறு கணக்கு. ஒன்றின் பணத்தை மற்றொன்றின் செலவுக்கு இஷ்டப்படி எடுக்க முடியாது. குடியிருப்பு வீதிகளின் திடல்களோ அரசினுடையவையே அல்ல. 1996இல் கொண்டுவந்த தனியார்மயத் திட்டத்தின்படி தளங்களின் குடும்ப வீடுகளைத் தனியார் கம்பெனிகள் நீண்ட கால ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டன. திடலும் அவர்களோடு போயிற்று. எங்கள் ஒப்பந்தம் அந்த வீதிக்குள் நுழையாது. சாலையின் இந்தப் பக்க ஊஞ்சலின் நாணயச் சோதனை எங்களுடையது, அந்தப் பக்க ஊஞ்சலை நிமிர்ந்து பார்க்கவும் எங்களுக்குக் காசு கிடையாது. பிள்ளைகள் இரண்டிலும் மாறி மாறி ஆடினார்கள்.

இரண்டு பக்கத்திலும் சேராத ஒன்று, படைப்பிரிவு ஒன்றின் கட்டடத்துக்குப் பின்னால், ஓக் மரங்களுக்கு அடியில் இருந்தது. மரத்தால் ஆன கோட்டை, அதோடு ஒட்டிய ஊஞ்சல். வெளிநாட்டுக்குப் போருக்குப் போயிருந்த சிப்பாய்களின் குடும்பங்கள் ஒரு வார இறுதியில் கூடிக் கட்டியது என்று சொன்னார்கள். யாரோ மரம் கொடுத்தார்கள், யாரோ சிமெண்ட் கொடுத்தார்கள். கட்டியவர்கள் எல்லாரும் வேறு தளங்களுக்கு மாற்றலாகிப் போயாயிற்று. தளத்தின் சொத்துப் பதிவேட்டில் அதற்கு எண் கிடையாது. எண் இல்லாததால் எங்கள் பட்டியலில் பெயரும் கிடையாது. மரத்தின் பச்சை சாயம் வெளுத்திருந்ததைப் பார்த்தாலே காலம் தெரிந்தது: ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய பழைய மரம். வீடு, விளையாட்டுச் சாமான் போன்றவற்றுக்காக மரத்தில் அந்த மருந்தை ஏற்றுவது 2003 முடிவோடு நின்றுபோனது. ஊஞ்சலைத் தாங்கிய உத்தரத்தில் சங்கிலி தொங்கிய வளையத்தின் துளை, நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. வளையத்தில் மிச்சமிருந்த இரும்பு பென்சில் கனம்கூட இல்லை. கீழே புல்லும் வேரும்.

எங்களோடு வந்திருந்தவர், ஒப்பந்த அதிகாரியின் பிரதிநிதியான ஓர் அம்மாள். குழந்தைகள் சேவைப் பிரிவில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்.

“இதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்களேன்” என்றார்.

“பட்டியலில் இல்லையே, மேடம்.”

“தெரியும். சேர்க்கும்படி சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. நான் சொன்னேன் என்று நீங்களும் எழுத முடியாது. இருந்தாலும் கேட்கிறேன்.”

அவர் சொன்னது விதிப்படி சரி. ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கூட்டவோ குறைக்கவோ ஒப்பந்த அதிகாரி ஒருவரால்தான் முடியும். வேறு யார் சொல்லிச் செய்தாலும் பணம் வராது. பொறுப்பு மட்டும் வரும். நாங்கள் சோதித்ததாக எழுதி, விட்டுப்போன ஒரு குறையால் நாளை ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் எங்கள் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். முதலாளியிடம் போனில் கேட்டேன். “சோதிக்காதே. கண்ணில் பட்டதைச் சொல். வழியில் பள்ளத்தைக் கண்டவன் சொல்வதற்கு ஒப்பந்தம் வேண்டாம்” என்றார். அன்றைக்கே தளத்தின் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, அறிக்கைக்கு வெளியே, போட்டோவோடு ஒரு கடிதம் போயிற்று. வளையத்தின் துளை மட்டும் ஒரு போட்டோ. அதன் பக்கத்தில் பத்து சென்ட் நாணயம்.

அந்தக் கடிதத்தில் நான் ஒரு எண் போட்டேன். திடல் இன்ஸ்பெக்டர்களுக்கென்று அபாய வரிசை ஒன்று உண்டு. ஆனால் படைத்தளத்தில் பணத்தை அசைப்பது அது அல்ல. ராணுவத்துக்கு ஆபத்தை அளக்க ஒரு கட்டம் இருக்கிறது: நடந்தால் எவ்வளவு கேடு என்பது ஒரு பக்கம், நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பது மறு பக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் 1 முதல் 5 வரை ஓர் எண் வரும். 1 என்றால் உடனே. துப்பாக்கிச் சுடுதளத்துக்கும் அந்தக் கட்டம்தான், பெட்ரோல் கிடங்குக்கும் அதுதான். “கைப்பிடி இடைவெளி தரநிலைக்குப் பொருந்தவில்லை” என்று எழுதினால் அது தச்சர் வேலை, வரிசையில் நிற்கும். அதே இடைவெளிக்கு அந்த எண்ணைப் போட்டால் கமாண்டரின் மேஜைக்குப் போகும். காப்பக அறிக்கைகளைப் படித்துத்தான் இதைக் கற்றேன். பிறகு எங்கள் எல்லா அறிக்கையிலும் கடைசிப் பத்தியாக அந்த எண்ணைச் சேர்த்தோம். கேட்காமலே கொடுத்த பத்தி அது. அதிகம் பயன்பட்டதும் அதுதான்.

எண் போட்டாலும் பணம் வர வேண்டுமே. அமெரிக்க அரசின் நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது. மிஞ்சிய பணத்தைச் செலவழிக்காவிட்டால் கைவிட்டுப் போகும் என்பதால் செப்டம்பர் மாதத்துப் படைத்தளம் தீபாவளிக்கு முந்தின வாரத்து ஜவுளிக்கடை மாதிரி இருக்கும். சோதனை சின்னச் செலவு, சட்டென்று வாங்கிவிடலாம். ஆகவே சோதனைகள் எல்லாம் செப்டம்பரில் வரும். அறிக்கை அக்டோபரில் கைக்குப் போகும்போது புது ஆண்டின் பட்ஜெட் காங்கிரஸில் சிக்கிக் கிடக்கும். பழுதுபார்க்கப் பணம் இருக்காது. 2013 கோடையில் இன்னும் மோசம். பட்ஜெட் வெட்டு காரணமாகப் பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர்களுக்கு 11 நாள் சம்பளமில்லா விடுப்பு என்றார்கள். கடைசியில் அது 6 நாளாகக் குறைந்தது. அறிக்கையைக் கொடுக்கப் போனால் வாங்க ஆள் இல்லை. அந்த அக்டோபரில் அரசே சில நாள் மூடிக் கிடந்தது.

மரக்கோட்டையின் கதைக்கு வருகிறேன். எங்கள் கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. முதலில் மஞ்சள் நாடா சுற்றினார்கள். பிறகு யாருடையது என்று தேடினார்கள். படைப்பிரிவு தன்னுடையது இல்லை என்றது, பொழுதுபோக்குப் பிரிவு பதிவேட்டைக் காட்டியது. உரிமையாளர் இல்லாத பொருளைப் பழுதுபார்க்க ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. இடித்து அப்புறப்படுத்த மட்டும் பொதுப்பணிப் பிரிவுக்கு அதிகாரம் இருந்தது, அதைச் செய்தார்கள். அடுத்த முறை நாங்கள் போனபோது ஓக் மரத்தடியில் மண் சமமாக்கி இருந்தது. அங்கே பிள்ளையோடு நின்றிருந்த ஓர் இளம்பெண், எங்கள் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து, “நீங்கள்தானே வந்து சொன்னீர்கள்? இருந்தது இது ஒன்றுதான். இனி நாங்கள் எங்கே போக?” என்று கேட்டாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, கணவன் ஆப்கானிஸ்தானில் என்று பிறகு அந்த அம்மாள் சொன்னார். வளையம் அறுந்திருக்கும் என்பது உண்மை. அவள் கேட்டதும் நியாயம். ஆபத்தை நீக்கு என்று மட்டும் சொன்னால் எந்த நிர்வாகமும் ஊஞ்சலையே நீக்கிவிடும், அதுதான் மலிவு.

அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டின் வேலை விவரத்தை எழுதும்போது இரண்டு வரிகளைச் சேர்க்க வைத்தார். பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேலிக்குள் கண்ணில் படும் அரசு நிலத்து விளையாட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் இன்ஸ்பெக்டர் இடம் குறித்து எழுதித் தர வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு குறைக்கும் எதிரே, அதைச் சரிசெய்ய வேண்டிய அலுவலகத்தின் பெயருக்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும். அதைத் தளமே நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் வரிக்காக எங்கள் விலை கொஞ்சம் ஏறியது. இரண்டாவது வரிக்கு எங்களுக்குச் செலவே இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் அங்கே அதிகச் சண்டை நடந்தது என்று கேள்வி. அப்பாவிடம் சொன்னபோது, “புக்குல பேர் விழுந்துட்டா வேலை நடந்துதானம்மா ஆகணும்” என்றார்.

இப்போது நான் வேறு வேலையில் இருக்கிறேன். பள்ளி, அடுக்ககம், பூங்கா என்று யாராவது திடலைச் சோதிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால், விலை சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்கிறேன். உங்கள் இடத்தில் இருக்கும் ஊஞ்சல் எல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கிறதா? குறை என்று எழுதினால் அதைப் படிக்கப் போகிறவர் யார்? சரிசெய்யும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? மூன்றாவதற்குப் பதில் இல்லாதவர்களிடம், முதலில் அந்தப் பணத்தை ஒதுக்கிவிட்டு வாருங்கள், சோதனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.